கருவுற்ற தாயும் கடற்கரைக் காற்றும்

சங்கத்தின் இருப்பையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கும் உத்தியோகத்தில் இருக்கும் நமக்கு, மூச்சுக் காற்றைப் பற்றி எழுத என்ன உரிமை என்று வாசக அன்பர்களில் சிலர் வினவக்கூடும். வினவட்டும். சென்ற பங்குனியில், உடன்குடிப் பக்கத்துப் பனைத் தொழிலாளி ஒருவரின் கடன் விண்ணப்பத்தை நேரில் விசாரிக்கச் சென்றோம். விசாரணைக் குறிப்பு அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரமெல்லாம் அவர் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பனந்தோப்பின் நடுவில் ஓலையால் வேய்ந்த விடிலி. காற்றுக்கு அணைவாக மூன்று பக்கமும் மட்டை கட்டி அடைத்திருந்தனர். உள்ளே, வாயகன்ற பாத்திரத்தில் பதநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் காய்ந்த மட்டையும் ஓலையும் உடைமுள்ளும் எரிந்தன. பதம் வரும்வரை, மணிக்கணக்காக, அடுப்பை விட்டு நகர இயலாது. நகர்ந்தால் பாகு பொங்கும், அல்லது அடிபிடிக்கும். துடுப்புடன் அங்கு நின்றவர் அவ்வீட்டு மருமகள். ஏழாம் மாதம். கண்ணைத் துடைப்பதற்கு மட்டும் முகத்தைத் திருப்பினார்; மற்றபடி புகை இருப்பதாகவே அவர் கருதியதாகத் தெரியவில்லை. "இந்நிலையில் இவரை இங்கே நிறுத்தலாமா, அம்மா?" என்று மாமியாரைக் கேட்டோம்.

"புகையப் பாத்தா பொழப்பு ஓடுமா தம்பி? நானும் இதே விடிலியில நின்னுதான் பெத்தேன்" என்றார் அந்த அம்மையார். எத்தனை பிள்ளைகள் என்றோம். "ஆறு பெத்தேன். நாலு நிக்கி" என்றார், நெல் அளந்த கணக்கைச் சொல்வது போல.

போன இரு குழந்தைகளும் புகையால் போயின என்று நாம் சொல்ல வரவில்லை; அப்படிச் சொல்ல எவராலும் இயலாது. ஆயினும், காற்றுக்கும் கருவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இன்று அறிவியல் அறிந்திருப்பவற்றை, நம் சங்கங்களின் உறுப்பினரான நெசவாளரும் பயிர் செய்வோரும் பனைத் தொழிலாளரும் அறியாதிருப்பது முறையன்று எனத் தோன்றியதால் இதனை எழுதுகின்றோம்.

நம் கடற்கரையில் மூச்சை அடக்கிப் பிழைத்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தனர். கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு கடலடியில் இறங்கி முத்துச் சிப்பி பொறுக்கிய குளியாளிகளின் தொழில், 1961-ஆம் ஆண்டுக் குளிப்போடு தூத்துக்குடியில் ஓய்ந்துவிட்டது. அவர்கள் நினைத்தபோது மூச்சை அடக்கினர். மேலே வந்து விட்டனர். கருவுற்ற பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. கருக்காலத்தில் ஒரு நிமிடத்துக்கு அவள் உள்ளிழுக்கும் காற்றின் அளவு, முன்னிருந்ததைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேலாகவே உயர்கிறது. இரண்டு உயிருக்கான பிராணவாயுவை அவள் ஒருத்தியே ஈட்ட வேண்டியிருப்பதால் இவ்வாறு ஆகிறது. காற்று நன்றாயிருந்தால் நல்லது. கெட்டிருந்தால், அதையும் கூடுதலாகவே அவள் வாங்கிக்கொள்கிறாள்.

காற்றில் மிதக்கும் தூசு யாவும் ஒரே தன்மையன அல்ல. கண்ணில் படும் தூசைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். விட்டம் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளே கேடு மிகுந்தது. தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும் அது, நுரையீரலின் கடைசி அறை வரை சென்று தங்கும். அதனினும் நுண்ணியது இரத்தத்திலேயே கலக்கும். விறகு, மட்டை, நிலக்கரி, டீசல் ஆகியவை எரிவதனால் பிறப்பது இது. புகையோடு வரும் கரியமில ஓராக்சைடு, இரத்தத்தின் செந்நிறப் பொருளில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தைத் தான் பற்றிக்கொள்கிறது. துகள்களோ உடலில் அழற்சியை மூட்டி, நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குலைக்கின்றன. பெல்ஜியம் நாட்டு ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தார், 2019-இல், நஞ்சுக்கொடியில் குழந்தையை நோக்கியிருக்கும் பக்கத்திலேயே கரித்துகளைக் கண்டு வெளியிட்டனர். 2022-இல், அவர்களும் ஸ்காத்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, ஆறு மாதம் நிரம்பாத கருவின் ஈரலிலும் நுரையீரலிலும் மூளையிலும்கூட அத்துகள் இருப்பதைக் காட்டினர். தாயின் உடல் குழந்தைக்கு வேலி என்று நாம் நம்பியிருந்தோம். அந்த வேலியில் துகள் புகும் இடைவெளி இருக்கிறது.

இதன் விளைவு எத்தகையது? முப்பத்தேழு வாரம் நிரம்புமுன் பிறத்தல், 2,500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறத்தல் ஆகிய இரண்டுமே முதன்மையானவை. இவற்றுக்குக் காரணம் காற்று ஒன்றே என்பார் எவருமிலர். தாயின் உணவு, இரத்தச் சோகை, வயது, பிள்ளைப்பேறுகளுக்கு இடையே உள்ள காலம், புகையிலை என்று காரணங்கள் பலவுள. காற்றும் அவற்றுள் ஒன்று என்பதே ஆராய்ச்சியாளர் கூற்று.

அயல்நாட்டுக் கணக்கு நமக்குப் பொருந்துமா என்ற ஐயம் இயல்பானதே. அதற்காகவே நம் மாநிலத்துக் கணக்கை முதலில் சொல்கிறோம். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில், நகரிலும் கிராமத்திலுமாக 1,285 கருவுற்ற தாய்மார்களைக் கருவின் தொடக்க மாதங்களிலிருந்தே பின்தொடர்ந்து ஒரு நீண்ட ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018-இல் வெளிவந்தது. கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது, குழந்தையின் பிறப்பெடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2 பங்கு கூடுகிறது என்று கண்டனர்.

நான்கு கிராம்! அரைப் பவுன் எடை. இதற்கா இத்தனை ஆரவாரம் என்று நம் நண்பர் ஒருவர் கேட்டார். நகைக்கடையில் அரைப் பவுன் குறைந்தால் அவர் விடமாட்டார் என்பது நமக்குத் தெரியும், அது இருக்கட்டும். நான்கு கிராம் என்பது ஒவ்வொரு 10 மைக்ரோகிராமுக்கும் உரிய கணக்கு. விறகடுப்புப் புகையில் நிற்பவளுக்கும் நிற்காதவளுக்கும் உள்ள வேறுபாடு பத்தோடு முடிவதில்லை. அது நூறையும் எட்டக் கூடும். கணக்கு அதே விகிதத்தில் செல்லுமாயின் அது நாற்பது கிராம். மூன்று கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாற்பது கிராம் ஒன்றுமில்லை. 2,520 கிராமில் பிறந்திருக்க வேண்டிய பிள்ளை 2,480-இல் பிறப்பதோ, எடை குறைந்தோர் பட்டியலில் சேர்வதாகும். சோகை பிடித்த தாய்மார் மிகுந்த சிற்றூர்களில் இந்த எல்லைக்கோட்டின் அருகே பிறக்கும் குழந்தைகளே ஏராளம்.

எனவே வீட்டுக்கு வீடு எரிவாயு கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? இங்கேதான் அன்பர்கள் சற்று நிதானிக்க வேண்டும். இந்தியா, குவாட்டமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில், ஏறத்தாழ 3,200 கருவுற்ற தாய்மார்களை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு எரிவாயு அடுப்பும் வாயுவும் இலவசமாகத் தந்து, மறு சாராரை வழக்கமான விறகடுப்பிலேயே விட்டு, ஒரு பெருஞ் சோதனை நடந்தது. இந்தியாவுக்கென எடுத்துக்கொண்ட இடங்கள் நம் மாநிலத்தின் நாகப்பட்டினமும் கள்ளக்குறிச்சிப் பகுதியுமே. 2022-இல் முடிவு வெளியாயிற்று. தாய்மார் சுவாசித்த நுண்துகளின் அளவு, விறகடுப்பாரிடம் 70 மைக்ரோகிராம் அளவில் இருக்க, வாயு அடுப்பாரிடம் 24 அளவுக்கு இறங்கியது. ஆனால் குழந்தைகளின் எடையில் கண்ட வேறுபாடு சுமார் 20 கிராம் மட்டுமே. தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க வேறுபாடு அது.

இம்முடிவை மறைத்துவிட்டு எரிவாயுவின் பெருமையை மட்டும் பேசுவது எளிது. அவ்வாறு பேசும் மேடைகளையும் நாம் கண்டிருக்கிறோம். இருப்பு குறைந்த சங்கத்தில் வரவுப் பக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டும் செயலாளருக்கும் அப்பேச்சாளருக்கும் வேற்றுமையில்லை. நம் கருத்து இது: அச்சோதனையில் அடுப்பு வந்து சேர்ந்தபோது கருவுக்கு மூன்று, நான்கு மாதம் ஆகியிருந்தது, சிலருக்கு அதற்கும் மேல். நஞ்சுக்கொடி உருவாகும் முதல் மாதங்கள் பழைய புகையிலேயே கழிந்தன. அன்றியும், இறங்கிய 24 மைக்ரோகிராமும் தூய காற்றன்று. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டு வரம்பு 5. நம் நாட்டு வரம்பே 40. அடுப்பை மாற்றிய தாய், வாசலைத் தாண்டியதும் தெருவின் காற்றையே சுவாசிக்கிறாள். அடுப்பு மாறுவது வேண்டும். மணமானவுடனேயே மாறுவது வேண்டும். அத்தோடு தெருவும் மாற வேண்டும்.

தெரு என்றதும் தூத்துக்குடிக்கு வருவோம். 2019 ஜனவரியில் மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியபோது, காற்றுத் தர விதிகளை எட்டாதவை என முதற்பட்டியலில் அடங்கிய 102 நகரங்களில், தமிழ்நாட்டின் சார்பில் இடம் பெற்ற ஒரே நகர் தூத்துக்குடி. சென்னையும் மதுரையும் திருச்சியும் பின்னரே வந்து சேர்ந்தன. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 1979-இல் முதல் அலகு இயங்கத் தொடங்கிப் பின் ஐந்து அலகாக வளர்ந்த 1,050 மெகாவாட் அனல் மின் நிலையம், 2015-இல் வந்த 1,000 மெகாவாட்டின் மற்றொரு நிலையம், துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, உரமும் இரசாயனமும் செய்யும் ஆலைகள், இரவு பகலாக ஓடும் லாரிகள் ஆகியவை யாவும் ஒரு சிறு நகரைச் சுற்றி அமைந்துள்ளன. கொண்டல் வீசும் நாளில் துறைமுகப் பக்கத்துக் காற்று ஊருக்குள் வரும். கச்சான் வீசும் மாதங்களில் செம்மண்ணும் சாலைத் தூசும் எழும். உப்பளத்தில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு ஒதுங்க மரநிழல்கூடக் கிடையாது.

தாமிர உருக்காலையின் வரலாறு அன்பர்கள் அறிந்ததே. தாமிரத் தாதுவை உருக்கும்போது கந்தக ஈராக்சைடு எழுவது இயற்கை. 2013 மார்ச்சில் ஊரெங்கும் கண்ணெரிச்சலும் இருமலும் கண்ட பின் ஆலை மூடப்பட்டு, சில வாரங்களில் மீண்டும் திறந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் செலுத்துமாறு ஆலைக்கு ஆணையிட்டது. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் மாண்டன. மே 28-இல் அரசு ஆலையை மூடியது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அம்மூடலை உறுதி செய்தன. ஆலை வேண்டும், வேண்டா என்ற வழக்கில் நாம் இங்கே புகவில்லை. வேலையிழந்தோர் நம் சங்கங்களிலும் உள்ளனர். நாம் கேட்பது கணக்கைப் பற்றியது.

அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஓர் இரும்பாலை, தொழில் தகராறு காரணமாக 1986 ஆகஸ்டு முதல் பதின்மூன்று மாதம் மூடிக் கிடந்தது. பல்லாண்டு கழித்துப் பிறப்புப் பதிவுகளைப் புரட்டிய ஆராய்ச்சியாளர், ஆலை மூடியிருந்த காலத்தை ஒட்டிக் கருவுற்றிருந்த தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் குறைந்திருந்ததையும், பள்ளத்தாக்குக்கு வெளியே அம்மாற்றம் இல்லாததையும் 2008-இல் எடுத்துக் காட்டினர். (குழந்தைகளின் எடையில் அத்தகைய மாற்றத்தை அவர்கள் காணவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.) கலிபோர்னியாவில் 2001-க்கும் 2011-க்கும் இடையே எட்டு அனல் மின் நிலையங்கள் ஓய்வு பெற்றன. அவற்றை அடுத்து வாழ்ந்த தாய்மாரிடையே குறைமாதப் பிரசவம் நூற்றுக்கு 7.0-லிருந்து 5.1 ஆக இறங்கியது. இவற்றையெல்லாம் கண்டறிய எவரும் புதிதாக ஒரு கருவியும் வைக்கவில்லை. பிறப்பேடும் காற்றேடும் இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தனர்.

நம்மிடமும் அவ்விரண்டும் உண்டு. தமிழ்நாட்டில் கருவுற்ற ஒவ்வொரு தாய்க்கும் பிக்மி எண் வழங்கப்படுகிறது; பேறுகால உதவித்தொகைக்கும் பிறப்புச் சான்றுக்கும் அவ்வெண்ணே ஆதாரம். பிறந்த குழந்தையின் எடையும் பதியப்படுகிறது. மறுபுறம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நகரில் காற்றை அளந்து பதிகிறது. ஒன்று சுகாதாரத் துறையின் அலமாரியில். மற்றொன்று வாரியத்தின் அலமாரியில். ரொக்கப் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் ஒரு சங்கம் இவ்வாறு தனித்தனியே வைத்து ஒத்துப் பாராதிருந்தால், நம் ஆய்வுக் குறிப்பில் அதற்கு முதலிடம் கிடைத்திருக்கும். தூத்துக்குடி மாவட்டத்தின் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஆண்டுதோறும் பிறந்தோர் எத்தனை, எடை குறைந்தோர் எத்தனை, குறைமாதத்தார் எத்தனை, அவ்வாண்டின் காற்றளவு என்ன என்ற நான்கு பத்திகளை, பெயர் ஏதும் குறியாமல், ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். 2018-க்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளை அதிலே சேர்க்க வேண்டும். முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஊர் அறியட்டும்.

ஏடுகளின் மதிப்பைக் குறைத்து எண்ணலாகாது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல் மருத்துவச்சிகளும் சுகாதாரப் பெண் பணியாளர்களும் பிறந்த குழந்தைகளின் எடையையும், ஓராண்டு நிரம்பியபோது இருந்த எடையையும் பேரேடுகளில் எழுதி வந்தனர். டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அவ்வேடுகளைத் தேடி எடுத்து, 1930 வரை அங்குப் பிறந்த 5,654 ஆண்களின் பிற்கால வாழ்வோடு ஒப்பிட்டு, எடை குறைந்தவர்களிடையே பிற்காலத்தில் மாரடைப்பால் இறந்தோர் மிகுதி என 1989-இல் வெளியிட்டார். ஒரு மருத்துவச்சி எழுதி வைத்த எண் அறுபது, எழுபது ஆண்டு கழித்துப் பேசிற்று. குறைந்த எடை என்பது முதல் வருடத்தோடு போகும் தொல்லையன்று என்பதற்காகவும் இதனைக் கூறுகிறோம்.

மின் நிலையங்களைப் பற்றியும் ஒரு சொல். புகைபோக்கியிலிருந்து எழும் கந்தக ஈராக்சைடு முதலியவற்றுக்கு மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு விதித்து, இரண்டாண்டுத் தவணை தந்தது. தவணை நீண்டது, பின்னும் நீண்டது. 2025 ஜூலையில், நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகத்தை நீக்கும் கருவி தேவையில்லை என்று அறிவிப்பு வந்தது. விதியை எட்டாத நகரங்களிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளவற்றுக்கு நிலைமையை ஆராய்ந்து தனித்தனியே முடிவு செய்வர். நம் கடன் வசூலில் இத்தனை தவணை நீட்டிப்புத் தந்தால் நம்மை வேலையில் வைத்திருப்பார்களா என்பது வேறு விஷயம். ஆராய்ந்து முடிவு செய்யப்படும் வகையில் தூத்துக்குடி போன்ற நகர்களை அடுத்தவை வருவதால், நம் மகாசபைகள் அனுப்பும் தீர்மானத்துக்கு மதிப்புண்டு.

சங்கங்கள் தம் அளவில் செய்யக் கூடியவையும் உள. பனைவெல்லச் சங்கங்கள், தனித்தனி விடிலிக்குப் பதிலாகத் தோப்புக்கு ஒன்றாக, புகைபோக்கி வைத்த பொது அடுப்பு அமைக்கலாம். எரிபொருள் மிச்சமாகும் என்பது இலாபத்தை மட்டும் பார்ப்போருக்கும் உவக்கும். 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் கூடும் விலையில் சிறிது அந்த அடுப்புக்கு வரலாம். நெசவாளர் சங்கங்களில், சாயம் காய்ச்சும் அடுப்பிடம் கருவுற்ற பெண்ணை விடலாகாது. தார் சுற்றும் வேலையை அவருக்குக் கொடுத்துக் கூலியைக் குறைக்காதிருக்க வேண்டும். கூலி குறைந்தால் அவர் மறுநாளே சாய அடுப்புக்குத் திரும்பிவிடுவார். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் பழக்கமுள்ள ஊர்களில், அந்நேரத்தில் புகை தரையை ஒட்டியே தங்கும் என்பதால், குப்பை எரிப்பதையேனும் அத்தெருவில் நிறுத்தலாம். பணத்துக்கு எங்கே போவது என்பார் உளர். நிகர இலாபப் பங்கீட்டில் பொது நன்மை நிதி என்ற தலைப்பு இருக்கிறது. அத்தொகை சுவர்க் கடிகாரமாகவும் பொன்னாடையாகவும் மாறியதை நாம் பல சங்கங்களில் கண்டிருக்கிறோம்.

ஆடி மாதக் கடைசியில் அதே விடிலிக்கு மறுபடியும் சென்றோம். கடன் வழங்கப்பட்டு, ஏணியும் பாத்திரமும் வாங்கியிருந்தனர். ரசீது சரியாக இருந்தது. பெண் குழந்தை பிறந்திருந்தது. எடை 2,600 கிராம் என்று அட்டையைக் காட்டினார்கள். "பாத்தீகளா தம்பி, நான் சொன்னேன்லா" என்றார் மாமியார். நமக்கும் மகிழ்ச்சியே. அவரோடு வாதிடவில்லை. ஒரு குழந்தையின் எடையைக் கொண்டு அவர் சொல்வதையும் நிறுவ முடியாது, நாம் சொல்வதையும் நிறுவ முடியாது; அதற்கு ஒரு வட்டாரத்தின் அட்டைகள் வேண்டும். அடுப்பில் பாகு ஏறிக்கொண்டிருந்தது. இம்முறை துடுப்பைப் பிடித்திருந்தவர் மாமியாரே. குழந்தை ஓலைப் பாயில், புகை எட்டாத பனையடியில் உறங்கிக்கொண்டிருந்தது.

பொது அடுப்புக்கான மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை நாம் தயாரித்து வருகிறோம். விருப்பமுள்ள சங்கச் செயலாளர்கள், தங்கள் உறுப்பினர்களில் காய்ச்சும் தொழில் செய்யும் குடும்பங்கள் எத்தனை, ஒரு பருவத்துக்கு எவ்வளவு விறகு செலவாகிறது என்ற இரு விவரங்களையும், அடுத்த மகாசபையின் பொருள் நிரலோடு சேர்த்து அனுப்பி வைப்பார்களாக.